விறைக்காத கைக்குட்டை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

வணக்கம். நீங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நானும் சுகம்தான் என்று எழுதினால் பக்கத்தில் நிற்கும் என் மனைவி சிரிப்பாள். அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் எத்தனையோ பேர் என் மூக்கை உடைக்கப் பார்த்தார்கள். கடைசியில் அந்தப் பெருமை நம் சலவைக் கடையில் துணி பிழியும் மெஷினுக்குப் போய்விட்டது.

போன வாரம் ஒரு விடுதியின் படுக்கை விரிப்புகளைப் போட்டுச் சுற்ற விட்டிருந்தேன். மூடியின் கொண்டி தேய்ந்து போயிருந்தது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று மூன்று மாதமாகச் சொன்னேனே தவிர மாற்றவில்லை. எட்டிப் பார்க்கக் குனிந்தேன். மூடி பிய்த்துக்கொண்டு வந்து இரண்டு புருவத்துக்கும் நடுவில் அடித்தது. மூக்கெலும்பு, கன்னத்தெலும்பு, நெற்றியில் கண்ணுக்கு மேலே ஒன்று. ஆஸ்பத்திரியில் மூக்கை நிமிர்த்தி, பதினொரு தையல் போட்டு, நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்கிறார்கள் பார்க்க வருகிறவர்கள். கண் இரண்டும் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கின்றன.

அண்ணா, இருபது வருடமாகத் தலைக்காய வார்டில் நர்ஸாக இருக்கிறீர்கள். இதைவிட மோசமான முகங்களைப் பார்த்திருப்பீர்கள். மூன்று வருடமாக நான் எழுதும் எதற்கும் நீங்கள் பதில் போடுவதில்லை. இதற்காவது ஒரு வரி போடுங்கள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் தம்பி


ஜனவரி 20

தம்பிக்கு,

ஆசிகள். நாங்கள் இருக்கிறோம். உன் அண்ணி சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். அதற்கு மேல் அவளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வீக்கம் வடிய ஆறு வாரம் ஆகும். தையல் பிரித்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள். வேறு ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் எழுது.

கடையில் அந்த வெந்நீர்த் தொட்டி இன்னும் இருக்கிறதா? கேட்கத் தோன்றியது.

அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். உங்களுக்கும் அண்ணிக்கும் நல்ல ஆரோக்கியம் இருக்க வேண்டும் என்று அன்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் எழுத்து கொஞ்சமும் மாறவில்லை.

வித்தியாசமாக ஏதாவது இருந்தால் எழுதச் சொன்னீர்கள். ஒன்று இருக்கிறது, சிரிக்காதீர்கள். ஜலதோஷம் பிடித்துவிட்டது. அதுவும் ஒரு பக்க மூக்கில் மட்டும். குனிந்து இஸ்திரி போட ஆரம்பித்தால் குழாய் மூடாத மாதிரி சொட்டு சொட்டென்று சட்டை மேல் விழுகிறது. தண்ணீர் தெளிக்கும் வேலை மிச்சம் என்று என் மனைவி கேலி செய்கிறாள். மல்லாந்து படுத்தால் தொண்டைக்குள் இறங்குகிறது, லேசாக உப்புக் கரிக்கிறது.

துணிக்காரன் புத்தி போகுமா? ஒன்றைக் கவனித்தேன். சளி சிந்திய கைக்குட்டை காய்ந்தால் கஞ்சி போட்ட மாதிரி விறைத்து நிற்கும். இது விறைக்கவில்லை. வெறும் தண்ணீரில் நனைத்துக் காயப் போட்டது மாதிரி மெத்தென்று இருக்கிறது. இருபது வருடத்தில் இப்படி ஒரு சளியை நான் பார்த்ததில்லை. உங்கள் வார்டில் பார்த்ததுண்டா?

வாசனையும் தெரியவில்லை. சோப்புக்கும் சாக்கடைக்கும் வித்தியாசம் இல்லை. இந்தத் தொழிலில் அது ஒரு வரம்தான்.

நீங்கள் கேட்ட தொட்டி இப்போது இல்லை. இந்த வருடம் வெயில் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது.

பதிலுக்குக் காத்திருக்கும்
தம்பி


பிப்ரவரி 10
(இது அப்போது அனுப்பப்படவில்லை. அண்ணனின் மேஜை இழுப்பறையில் கிடந்தது.)

தம்பி,

உன் மூக்கிலிருந்து வருவது சளி இல்லை. மூளையைச் சுற்றியிருக்கிற நீர். மூக்குக்கு மேலே முட்டை ஓடு மாதிரி ஒரு எலும்பு இருக்கிறது. அது உடைந்து உள்ளே இருக்கும் உறை கிழிந்தால் இப்படித்தான் இறங்கும். குனிந்தால் சொட்டும், உப்புக் கரிக்கும், காய்ந்தால் துணி விறைக்காது. முதலாம் வருட மாணவனுக்கு டாக்டர் சொல்லிக்கொடுக்கிற அடையாளத்தை நீயே கண்டுபிடித்துக் கேலியாக எழுதியிருக்கிறாய்.

தலையை உயர்த்திப் படுத்து, குனியாமல், மூக்கைச் சிந்தாமல், பாரம் தூக்காமல் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தால் பாதிப் பேருக்கும் மேல் தானாகவே அடைத்துக்கொள்ளும். மூக்கைச் சிந்தினால் அடைக்காது. காற்றோடு கிருமியும் மேலே ஏறும். அப்புறம் மூளைக்காய்ச்சல். என் கையாலேயே எத்தனை பேருக்கு முகத்தை மூடியிருக்கிறேன்.

இதையெல்லாம் உனக்கு எழுத மாட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் கோடை விடுமுறைக்கு என் மகளை உன் வீட்டில் விட்டேன். ஆறு வயது. நீதான் அவளுக்குக் குருவி என்று பெயர் வைத்தாய். பதினேழாம் நாள் உன் வெந்நீர்த் தொட்டியில் விழுந்து போனாள். "மூடி மூடித்தான் இருந்துச்சு, அவளேதான் தொறந்திருக்கா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாய். அந்த மூடியை நான் தூக்கிப் பார்த்தேன், தம்பி. எனக்கே இரண்டு கை வேண்டியிருந்தது.

அதற்கடுத்த வாரம் அவளுடைய துணிகளையெல்லாம் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து, பார்சலில் அனுப்பினாய். உன் அண்ணி ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தாள். குழந்தை வாசனை ஒன்றில்கூட இல்லை, உன் சோப்பு வாசனைதான் இருந்தது. அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான்.

உன் முகத்தில் அடித்ததும் ஒரு மூடிதான். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும்.

மூடி திறந்திருந்தது என்று ஒரே ஒரு வரி எழுது. அன்றைக்கே வண்டி ஏறி வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போய் என் வார்டில் சேர்ப்பேன். எழுதுகிறவரை நீ சிந்திக்கொண்டிரு.


பிப்ரவரி 10

தம்பிக்கு,

ஆசிகள். இங்கே எல்லாம் முன்பு போலத்தான். உன் கடிதம் கிடைத்தது.

பயப்பட ஒன்றுமில்லை. முகத்தில் அடிபட்டவர்களுக்கு இப்படி ஜலதோஷம் வருவது சகஜம். உள்ளே தங்கவிடக் கூடாது. ஒரு பக்கத்தை அழுத்திக்கொண்டு மறுபக்கத்தைப் பலமாகச் சிந்து, ஒரு நாளைக்கு ஆறேழு தடவை. தலையணை வேண்டாம், மட்டமாகப் படு. வேலையை நிறுத்தாதே. உட்கார்ந்தால் உடம்பு கெடும். கைக்குட்டை விறைக்காததற்குக் காரணம் நீ நன்றாகத் துவைப்பதுதான். எதையும் தடம் தெரியாமல் துவைக்கிறவன் நீ.

அந்தக் கோடை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அதைப் பற்றி ஏதாவது எழுதத் தோன்றினால் எழுது.

அண்ணன்


மார்ச் 1

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் சௌக்கியமா? நீங்கள் சொன்ன மாதிரியே செய்துவருகிறேன். காலையில் எழுந்ததும் இரண்டு தடவை, கடையில் மூன்று தடவை, மாலையில் இரண்டு தடவை. நான் சிந்துகிற சத்தத்தை வைத்து எதிர்க்கடைக்காரர் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறார்.

முன்னைவிட அதிகமாக வருகிறது. உள்ளே தங்கியது எல்லாம் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். எழுந்து நின்றால் தலை பிளக்கிறது, படுத்தால் சரியாகிவிடுகிறது. சட்டை தேய்க்கக் கொடுக்கிற டீச்சர் ஒருவர், "இது நல்லதுக்கில்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்க" என்று பிடிவாதம் பிடித்தார். "எங்க அண்ணனே பெரிய ஆஸ்பத்திரிதான் டீச்சர், தபால்லயே வைத்தியம் நடக்குது" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

கோடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த வருடம் வெயில் அதிகம். கிணறு வற்றிப் போயிற்று.

அதற்கு மேல் எழுத உட்கார்ந்தேன். டீச்சரின் சட்டை அவசரம் என்றார்கள். எழுந்துவிட்டேன்.

உங்கள் வாக்கை வேதமாக நினைக்கும்
தம்பி


மார்ச் 12

மதிப்பிற்குரிய பெரிய அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் நலத்தையும் அக்கா நலத்தையும் விசாரித்தபடி உங்கள் தம்பி மனைவி எழுதுவது. அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

நேற்று துணி மூட்டையைத் தூக்கும்போது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு கைக்குட்டை நனைகிறது. தெளிந்த தண்ணீர், அத்தான். சளி மாதிரியே இல்லை. நான் என்ன சொன்னாலும், "அண்ணன் சொல்லியிருக்கார், உனக்கென்ன தெரியும்" என்கிறார். இந்த ஊர் டாக்டரிடம்கூட வர மாட்டேன் என்கிறார்.

அவரை உங்கள் வார்டுக்கே கூட்டி வரட்டுமா? வா என்று ஒரு வார்த்தை நீங்கள் எழுதினால் போதும், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி மனைவி


மார்ச் 27

தம்பி மனைவிக்கு ஆசிகள்.

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. வேலை அதிகம். இங்கே இப்போது படுக்கை காலியில்லை. வந்தாலும் வராந்தாவில்தான் கிடக்க வேண்டும்.

அவசரம் என்றால் அவனையே எழுதச் சொல். நான் கேட்டது அவனுக்குத் தெரியும். அன்றைக்கு மூடி மூடியிருந்ததா, திறந்திருந்ததா? அதற்குப் பதில் வந்தால் படுக்கை கிடைக்க வழி செய்கிறேன். உனக்குத் தெரிந்தால் நீயே எழுதலாம்.

அண்ணன்


ஏப்ரல் 6
(அஞ்சலட்டை)

அத்தானுக்கு. மூன்று நாளாகக் கடும் காய்ச்சல். கழுத்து வளையவில்லை. நேற்றிலிருந்து நினைவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். மூளைக்காய்ச்சல் என்கிறார்கள். பிழைப்பது நிச்சயமில்லையாம். உடனே வரவும்.


ஜூன் 4

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நான் பிழைத்துவிட்டேன். இரண்டு பேரும் என்னை நினைத்துக் கவலைப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொண்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பன்னிரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தேனாம். அப்புறம் மூக்கு வழியாகவே போய் ஓட்டையை அடைத்தார்கள். என் தொடையிலிருந்து ஒரு துண்டு எடுத்து அங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். சொந்தத் துணியிலேயே ஒட்டு, நிறம் மாறாது. இப்போது கைக்குட்டை ஒழுங்காக விறைக்கிறது.

காது இரண்டும் போய்விட்டன. காய்ச்சல் தின்றுவிட்டதாம், திரும்பி வராதாம். யார் என்ன சொல்வதானாலும் சிலேட்டில் எழுதித்தான் காட்ட வேண்டும். டாக்டர் எழுதிக் காட்டினார்: "மூக்கைச் சிந்தச் சொன்னது யார்?" நானாகத்தான் சிந்தினேன் என்றேன். அவர் விடவில்லை. "தலைக்காய வார்டில் ஒரு மாதம் வேலை பார்த்தவனுக்குக்கூட இது முதல் சொட்டிலேயே தெரியும்" என்று எழுதினார். நான் அதைப் படித்துவிட்டுச் சிலேட்டைத் துடைத்துவிட்டேன்.

அண்ணா, மூடி திறந்திருந்தது.

நான்தான் திறந்தேன். தண்ணீர் கொதித்ததா என்று பார்த்துவிட்டு மூடாமல் எதிரே டீ குடிக்கப் போனேன். "சித்தப்பா" என்று கூப்பிட்டாள். விளையாட்டுக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, கையில் இருந்த டீயை முடித்தேன். இரண்டாம் தடவை கூப்பிட்டபோது ஓடினேன். அந்த வாரம் முழுவதும் என்ன செய்வதென்று தெரியாமல் அவளுடைய துணிகளையே துவைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றையும் மூன்று தடவை துவைத்தேன். அழுக்கோடு உங்களுக்கு அனுப்பக் கூடாது என்று தோன்றியது.

மூன்று வருடமாக அந்த இரண்டாவது "சித்தப்பா" என் காதில் இருக்கிறது. அதற்காகத்தான் எந்நேரமும் மெஷினை ஓட விட்டேன், ரேடியோவைச் சத்தமாக வைத்தேன், ஓயாமல் பேசிப் பேசிச் சிரித்தேன். காது போனபோது இதுவும் போய்விடும் என்றுதான் நினைத்தேன். எல்லாச் சத்தமும் போய்விட்டது. அது மட்டும் போகவில்லை. அதை அமுக்க இப்போது வேறு சத்தமே இல்லை.

நீங்கள் கேட்ட உடனே எழுதியிருக்க வேண்டும். இனி என்ன கேட்டாலும் எழுதுங்கள், ஒளிக்காமல் பதில் போடுகிறேன். திட்டியாவது எழுதுங்கள். உங்கள் கடிதம் மட்டும்தான் எனக்குப் பழையபடி கேட்கும்.

உங்கள் தம்பி


ஜூன் 12

தம்பி,

நீ நலமாக இருக்க வேண்டும்.

மூக்கைச் சிந்தாதே. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மு. குனியாதே. பாரம் தூக்காதே. இரண்டு தலையணை வைத்துப் படு. இதை பிப்ரவரியில் எழுதியிருக்க வேண்டும். எழுதினேன், அனுப்பவில்லை. அதையும் இதோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

அஞ்சலட்டை வந்த அன்று பஸ் நிலையம் வரை வந்தேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். உன் கடிதத்தையும் நான் அனுப்பாமல் வைத்ததையும் உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். மூன்று வருடத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள். "நீங்களும் டீயை முடிச்சுட்டுத்தான் போயிருக்கீங்க" என்றாள்.

நான் செய்தது தெரியாமல் செய்தது இல்லை. மன்னிப்பு கேட்க எனக்கு முகமில்லை, இருந்தாலும் கேட்கிறேன். உன்னையும் நான் மன்னித்துவிட்டேன். வரட்டுமா என்று ஒரு வரி எழுது, வருகிறேன்.

அண்ணன்


ஜூன் 25

பெரிய அத்தானுக்கு,

நீங்களும் அக்காவும் நல்லபடியாக இருங்கள். நீண்ட நாள் இருங்கள்.

உங்கள் கடிதமும், கூட வைத்திருந்த பிப்ரவரிக் கடிதமும் கிடைத்தன. இரண்டையும் நான்தான் படித்தேன். டாக்டர் சிலேட்டில் எழுதியதை அவர் துடைப்பதற்கு முன்னாலேயே பார்த்தவள் நான். அதனால் எனக்கு அதிர்ச்சி ஒன்றுமில்லை.

உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். அன்றைக்கு மூடி திறந்திருந்ததை உங்களிடம் சொல்லத்தான் அவர் கிளம்பினார். வாசலில் மறித்தவள் நான். போலீஸ் வரும், ஜெயிலுக்குப் போவீர்கள் என்று பயமுறுத்தி, "மூடியிருந்துச்சு, அவளே தொறந்தான்னு சொல்லுங்க" என்று வார்த்தையைக்கூட நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதற்குப் பிறகும் இரண்டு தடவை உங்களுக்கு எழுதினார். கிழித்து அடுப்பில் போட்டேன். மார்ச்சில் நீங்கள் என்னைக் கேட்டபோதும் பேசாமல் இருந்தேன். நீங்கள் தண்டித்தது ஆளை மாற்றி, அத்தான்.

உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்தால் அவருக்கு நல்லதுதான். ஆனால் அது உங்களுக்கும் நல்லதாகிவிடும். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வராதீர்கள். வந்தால் பிப்ரவரிக் கடிதத்தை நேராக உங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்பேன்.

தினமும் பதினொரு மணிக்கு அவர் கடை வாசலில் வந்து நிற்கிறார். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்காதே, அதனால் தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தபால்காரர் போன பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணன் எழுதலையா?" என்று கேட்கிறார். அவர் குரல் அவருக்கே தெரியாததால் தெருக்கோடி வரை கேட்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் இல்லை என்று தலையாட்டுகிறேன்.

தபால்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்தில் எது வந்தாலும் பின்வாசலில் என்னிடம் கொடுத்துவிடுவார்.

தம்பி மனைவி